முடிவு தெரிந்த கதையும் மனக் குறுகுறுப்பும்

1980 ஜூலை மாதம். கலிஃபோர்னியாவின் லாங் பீச் நகரில் ஈகிள்ஸ் என்ற அமெரிக்க ராக் குழு மேடையில் நிற்கிறது. அரங்கத்துக்குக் கேட்பது ஐந்து குரல்கள் இழைந்து வரும் மென்மையான பாட்டு. அதே மேடையில், கிதாரைத் தோளில் மாட்டியபடி, இரண்டு பேர் ஒருவரையொருவர் மிரட்டிக்கொண்டிருக்கிறார்கள். இன்னும் மூன்று பாட்டு முடியட்டும், உன்னை உதைக்கிறேன் என்கிறார் க்ளென் ஃப்ரை. டான் ஃபெல்டரும் சளைக்கவில்லை. அடுத்த வரி வந்ததும் இருவரும் ஒலிவாங்கியின் பக்கம் திரும்பிச் சுருதி பிசகாமல் சேர்ந்து பாடுகிறார்கள். அன்றைய ஒலிநாடா பத்திரமாக இருக்கிறது. 2013இல் வெளிவந்த ‘ஹிஸ்டரி ஆஃப் தி ஈகிள்ஸ்’ ஆவணப்படத்தில் அதைக் கேட்கலாம். அந்த நிகழ்ச்சியோடு உடைந்த குழு மீண்டும் மேடையேற 14 ஆண்டுகள் ஆயின.

ஈகிள்ஸ் பாட்டுகள் மீது எனக்குப் பெரிய ஈடுபாடு கிடையாது. ஆனால் அந்த மூன்று மணி நேரப் படத்தை இரண்டு முறை பார்த்திருக்கிறேன், இனியும் பார்ப்பேன். இசைக்குழுக்களைப் பற்றிய இந்த வகை ஆவணப்படங்களில் விழுந்தவர்கள் எல்லோருக்கும் இப்படி ஒன்று இருக்கும். பாட்டைத் தேடிக் கேட்க மாட்டார்கள். அந்தப் பாட்டை உண்டாக்கியவர்கள் எப்படிச் சேர்ந்தார்கள், எப்படிப் பிரிந்தார்கள் என்பதை மட்டும் நள்ளிரவு தாண்டியும் விழித்திருந்து பார்ப்பார்கள். மறுநாள் யாராவது கேட்டால் வேறு ஏதோ பார்த்ததாகச் சொல்வார்கள். ஏன் அந்தக் குறுகுறுப்பு?

முதல் காரணம், கதை ஒன்றே ஒன்றுதான் என்பது. பதின்வயதுப் பையன்கள் நாலு பேர் ஒரு கார் கொட்டகையில் சேர்கிறார்கள். ஓட்டை வேனில் ஊர் ஊராகப் போகிறார்கள். மூன்றாவது இசைத்தட்டு உலகத்தையே திருப்பிப் போடுகிறது. பிறகு பணம், போதை, வழக்கு, மரணம். கடைசியில் நரைத்த தலையோடு மறுபடி ஒரு மேடை. இந்த வரிசையை அச்சில் வார்த்து எடுத்தது விஎச்1 தொலைக்காட்சியின் ‘பிஹைண்ட் தி மியூசிக்’ தொடர். 1997 ஆகஸ்டில் தொடங்கிய அது அடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்கத் தொலைக்காட்சியின் இசைப் பேச்சையே மாற்றிவிட்டது.

அந்த வரிசைக்கு ஒரு பகுதிக் காரணம் கலை. மறு பகுதி விளம்பர இடைவேளை. ஒரு மணி நேர நிகழ்ச்சியில் விளம்பரம் போகக் கிடைப்பது முக்கால் மணி நேரம்தான். ஒவ்வொரு இடைவேளைக்கு முன்னாலும் பார்ப்பவர் வேறு அலைவரிசைக்குத் தாவாதபடி ஒரு கொக்கி போட்டாக வேண்டும். அதனால்தான் வெற்றியின் உச்சியில் நிற்கும்போதே வர்ணனையாளரின் குரல் தாழ்ந்து, வரப்போகும் கேட்டை முன்னறிவிக்கிறது. மனிதர்களின் வீழ்ச்சி கடிகாரத்தைப் பார்த்து வருகிறது. அந்தத் தொடரின் முதல் பகுதி மில்லி வனில்லி என்ற பாப் இரட்டையரைப் பற்றியது. தங்கள் பெயரில் வந்த இசைத்தட்டில் பாடியது அவர்கள் அல்ல என்று தெரியவந்து, கொடுத்த கிராமி விருதும் 1990இல் பறிக்கப்பட்டவர்கள். அந்தப் பகுதி ஒளிபரப்பாகி ஓராண்டு முடிவதற்குள் இருவரில் ஒருவரான ராப் பிலாட்டஸ் இறந்துபோனார். ஒரு மனிதனின் சிதைவை விளம்பரங்களுக்கு நடுவே பொழுதுபோக்காகப் பார்த்தோம் என்ற எண்ணம் உறுத்தத்தான் செய்யும். உறுத்த வேண்டும்.

ஆனால் இந்தப் படங்களின் ருசி அந்த வீழ்ச்சியில் இருக்கிறது என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வீழ்ச்சி மட்டும்தான் வேண்டுமென்றால் செய்தித்தாள் போதும். இரண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்து நாம் காத்திருப்பது வேறொன்றுக்கு. ஒரு குழு தன்னைப் பற்றிச் சொல்ல விரும்பும் கதைக்கும் அந்த மனிதர்கள் இருக்கும் விதத்துக்கும் நடுவே ஒரு விரிசல் விழும். அந்த ஒரு நொடிக்காகத்தான் காத்திருக்கிறோம். அது ஏன் இந்த வகைப் படத்தில் மட்டும் இவ்வளவு கூர்மையாக விழுகிறது என்பதற்குக் காரணங்கள் இருக்கின்றன.

முதலில் கருவி. 1960களில் தோளில் சுமந்து நடக்கக்கூடிய 16 மில்லிமீட்டர் கேமராவும், அதோடு ஒத்திசைந்து ஒலியைப் பதியும் சிறிய ஒலிநாடாக் கருவியும் வந்தன. விளக்குகளும் முக்காலியும் இல்லாமல் ஓட்டல் அறைக்குள்ளும் கார் பின்னிருக்கையிலும் நுழைய முடிந்தது. 1965இல் பாப் டிலன் இங்கிலாந்தில் சுற்றுப்பயணம் போனபோது ஆவணப்பட இயக்குநர் டி. ஏ. பென்னிபேக்கர் அப்படித்தான் கூடவே போனார். வர்ணனை கிடையாது, நேர்காணல் கிடையாது. நடப்பதை நடக்கிறபடி பார்ப்பது மட்டும். ராக் கலைஞர்கள் அந்த முறைக்குப் பொருத்தமானவர்களாக அமைந்தார்கள். கேமராவுக்குப் பழகியவர்கள், அதனால் அதை மறந்துவிடக் கூடியவர்கள்.

அதன் எல்லை எது என்பது 1970இல் வந்த ‘கிம்மி ஷெல்ட்டர்’ படத்தில் தெரிந்தது. 1969 டிசம்பர் 6 அன்று ஆல்டமாண்டில் ரோலிங் ஸ்டோன்ஸ் நடத்திய இலவச நிகழ்ச்சியில், மேடைக்குக் காவல் நின்ற ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் மோட்டார் சைக்கிள் கும்பலைச் சேர்ந்த ஒருவர் மெரிடித் ஹண்டர் என்ற 18 வயது இளைஞரைக் குத்திக் கொன்றார். கேமரா அதைப் பதிவு செய்துவிட்டது. படத்தை இயக்கிய மேசில்ஸ் சகோதரர்களும் ஷார்லட் ஸ்வெரினும் அந்தக் காட்சியை மட்டும் காட்டி நிறுத்தவில்லை. குழுவின் பாடகர் மிக் ஜாகரைப் படத்தொகுப்பு மேசைக்கு அழைத்து உட்காரவைத்து, அந்தச் சில நொடிகளை மெதுவாக ஓட்டிக் காட்டி, பார்க்கும் அவர் முகத்தையும் படம் பிடித்தார்கள். அவர் எழுந்து போகும்போது அந்த முகத்தில் படம் உறைந்து நிற்கிறது. அந்த முகத்தில் என்ன இருக்கிறது என்று இன்றுவரை வாதம் நடக்கிறது. அதற்குப் பின் வந்த ஒவ்வொரு ராக் ஆவணப்படமும் அந்த முகத்துக்குக் கடன்பட்டது என்பது என் எண்ணம்.

கருவியை விட முக்கியமானது பணம். இங்கேதான் பார்ப்பவர்கள் அதிகம் யோசிக்காத ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. ஒரு பாட்டைப் படத்தில் பயன்படுத்த இரண்டு அனுமதிகள் வேண்டும். ஒன்று, பாட்டை எழுதியவருக்கும் அவருடைய பதிப்பகத்துக்கும் உரியது. மற்றது, அந்த ஒலிப்பதிவுக்கு உரிமையாளரான நிறுவனத்துக்கு உரியது. இரண்டில் ஒன்று மறுக்கப்பட்டாலும் பாட்டு கிடையாது. பாட்டில்லாத இசைக்குழுப் படம் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள, அனுமதி பெறாமல் எடுத்த படங்களில் ஒன்றைப் பார்த்தால் போதும். விமர்சகர்கள் மாறி மாறிப் பேசுவார்கள். பின்னால் எங்கேயோ கேட்டது போன்ற ஒரு கிதார் ஓடிக்கொண்டிருக்கும். அந்தக் கிதார் மட்டும் வராது.

அதனால் நல்ல படம் எடுக்க நினைப்பவர் குழுவிடமே போய் நிற்க வேண்டியிருக்கிறது. அங்கே குழு என்றால் எல்லோரும் இல்லை. பாட்டெழுதியவர் பெயர் யாருடையதோ, அவர் கையில்தான் சாவி. மேளத்தை அடித்தவருக்கு, பேஸ் கிதாரில் அந்தப் பாட்டையே தாங்கி நின்றவருக்கு, பெயர் எழுதப்படவில்லை என்றால் மறுக்கும் உரிமையும் இல்லை. யார் எழுதினார்களோ அவர்களே கதையையும் சொல்கிறார்கள். ‘தி பேண்ட்’ என்ற குழுவின் கடைசி நிகழ்ச்சியைக் காட்டும் ‘தி லாஸ்ட் வால்ட்ஸ்’ படத்தைப் பற்றி, அந்தக் குழுவில் மேளமும் அடித்துப் பாடவும் செய்த லெவன் ஹெல்ம் கடைசிவரை மனக்கசப்போடுதான் பேசினார். படம் கிதார் கலைஞரும் பாட்டெழுதியவருமான ராபி ராபர்ட்சனையே மையமாக வைத்துவிட்டது என்பது அவர் குறை. பீட்டில்ஸ் தங்கள் வரலாற்றைத் தாங்களே சொன்ன 1995ஆம் ஆண்டுத் தொடரில், 1962 ஆகஸ்டில் வெளியேற்றப்பட்ட டிரம்ஸ் கலைஞர் பீட் பெஸ்ட்டின் நேர்காணல் இல்லை.

கதையின் வசதிக்காக உண்மை வெட்டப்படுவதும் உண்டு. ஆஸ்கார் விருது வாங்கிய ‘சர்ச்சிங் ஃபார் சுகர் மேன்’ படம், ராட்ரிகஸ் என்ற பாடகர் உலகம் மறந்துபோன மனிதர் என்றும் தென்னாப்பிரிக்காவில் மட்டும் அவர் தெய்வமாக இருந்தார் என்றும் சொல்கிறது. அவர் 1979இலும் 1981இலும் ஆஸ்திரேலியாவில் சுற்றுப்பயணம் செய்து கூட்டம் கூட்டியவர். அதைச் சேர்த்திருந்தால் கதையின் மர்மம் கொஞ்சம் குறைந்திருக்கும். எனக்கு அந்தப் படம் பிடிக்கும். ஆனால் அந்த விடுபடல் தெரிந்த பிறகு முன்போல அதில் கரைய முடியவில்லை.

இந்தப் பாட்டெழுத்துப் பெயர் விவகாரம்தான் பெரும்பாலான குழுக்களின் சண்டைக்கு விதை என்பதையும் இதே படங்கள்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தன. குவீன் குழுவின் ‘பொஹீமியன் ராப்சடி’ 1975இல் வெளிவந்தபோது இசைத்தட்டின் மறுபக்கத்தில் இருந்தது, டிரம்ஸ் கலைஞர் ராஜர் டெய்லர் கார் மோகத்தைப் பற்றி எழுதிய பாட்டு. உலகம் வாங்கியது முன்பக்கத்துக்காக. ஆனால் தட்டு ஒன்றுதானே? விற்கும் ஒவ்வொரு தட்டுக்கும் மறுபக்கத்தை எழுதியவருக்கும் சமமான உரிமைத்தொகை போனது. இதனால் குழுவுக்குள் எழுந்த கசப்பு ஆண்டுக்கணக்கில் நீடித்தது. 1989இல் வந்த இசைத்தட்டிலிருந்து எல்லாப் பாட்டுகளையும் நால்வர் பெயரிலும் போட்டார்கள். யு2, ஆர்.இ.எம். போன்ற குழுக்கள் முன்பே அப்படிப் பகிர்ந்துகொண்டவை. அவை நீடித்து நின்றதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இப்படிக் காவல் போட்டு எடுக்கப்படும் படத்தில் விரிசல் எப்படி விழும்? சில நேரம் குழுவே அதற்கு இடம் கொடுத்துவிடுகிறது. மெட்டல் என்ற முரட்டு ராக் வகையை வாசிக்கும் மெட்டாலிக்கா குழு 2001இல் புதிய இசைத்தட்டு செய்ய உட்கார்ந்தபோது உள்ளேயே நொறுங்கிக்கொண்டிருந்தது. பேஸ் கலைஞர் விலகிவிட்டார். ஃபில் டவுல் என்ற உளவியல் பயிற்சியாளருக்கு மாதம் 40,000 டாலர் கொடுத்து அமர்த்தினார்கள். பாடகர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் குடியிலிருந்து மீள மறுவாழ்வு மையத்துக்குப் போய்ப் பல மாதங்கள் திரும்பவில்லை. ஜோ பெர்லிங்கரும் புரூஸ் சினோஃப்ஸ்கியும் விளம்பரப் படமாகத் தொடங்கியது, ‘சம் கைண்ட் ஆஃப் மான்ஸ்டர்’ என்ற பெயரில் 2004இல் வேறொன்றாக வெளிவந்தது.

அதில் என்னால் மறக்க முடியாதது கத்தலும் கதவறைதலும் அல்ல. 1983இல் குழுவிலிருந்து வெளியேற்றப்பட்ட டேவ் மஸ்டெய்ன், 18 ஆண்டுகள் கழித்து மெட்டாலிக்காவின் டிரம்ஸ் கலைஞர் லார்ஸ் உல்ரிக்கின் எதிரே உட்கார்ந்திருக்கும் காட்சி. நியூயார்க்கிலிருந்து அவரைப் பஸ் ஏற்றிக் கலிஃபோர்னியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகு அவர் மெகாடெத் குழுவைத் தொடங்கினார். இசைத்தட்டுகள் கோடிக் கணக்கில் விற்றன. வேறு யாருக்காவது அது ஒரு முழு வாழ்க்கையின் வெற்றி. அவருக்கு அது இரண்டாம் இடம். கண்கள் கலங்க, சின்னப் பையன் குரலில் அதைச் சொல்கிறார். உல்ரிக்கிடம் பதில் இல்லை. பள்ளியிலோ வேலையிலோ ஒரு கூட்டத்திலிருந்து தள்ளி நிறுத்தப்பட்ட யாருக்கும் அந்தக் காட்சியைப் புரிந்துகொள்ள மெட்டல் இசை தெரிந்திருக்க வேண்டியதில்லை.

க்ளாஷ் குழுவைப் பற்றி டான் லெட்ஸ் எடுத்த ‘வெஸ்ட்வே டு தி வேர்ல்ட்’ படத்தில் இதன் மறுபக்கம் இருக்கிறது. ஹெராயின் பழக்கத்தால் 1982இல் வெளியேற்றப்பட்ட டிரம்ஸ் கலைஞர் டாப்பர் ஹெடன், ஒட்டி உலர்ந்த முகத்தோடு கேமராவைப் பார்த்துத் தன் தோழர்களிடம் மன்னிப்புக் கேட்கிறார். நால்வர் சேர்ந்து உண்டாகும் அந்தக் கலவையை ஒருபோதும் கலைக்கக் கூடாது, அதைத் தாங்கள் கசப்பாகக் கற்றுக்கொண்டதாகப் பாடகர் ஜோ ஸ்ட்ரம்மர் சொல்கிறார். தங்கள் கதையைச் சொல்ல வந்தவர்கள் தங்களுக்கு எதிராகவே சாட்சி சொல்லிவிடுகிறார்கள்.

இன்னொரு வகை விரிசல் ஒலிக்கலவை மேசையில் விழுகிறது. ‘கிளாசிக் ஆல்பம்ஸ்’ என்ற தொடரின் முறை எளிமையானது. ஒலிப்பொறியாளர் பழைய ஒலிநாடாவை ஏற்றி, ஒவ்வொரு தடத்தையும் தனித்தனியாகத் திறந்து காட்டுவார். ஒரு குமிழை ஏற்றினால் மேளம் மட்டும். இன்னொன்றை ஏற்றினால் குரல் மட்டும். ஆயிரம் தடவை கேட்ட பாட்டு ஒரு நொடியில் பிரிந்து விழுந்து, மனிதர்கள் செய்த வேலையாகத் தெரியும். பிங்க் ஃபிளாய்ட் பகுதியில் ரிச்சர்ட் ரைட் பியானோவில் உட்கார்ந்து, ஒரே ஒரு சுரக்கோவையை வாசித்துக் காட்டுகிறார். அது மைல்ஸ் டேவிஸின் ஒரு ஜாஸ் இசைத்தட்டில் கேட்டு மனத்தில் தங்கியது என்கிறார். அந்த மனிதரை 1970களின் இறுதியில் குழுவிலிருந்து வெளியேற வைத்தவர் அதன் பேஸ் கலைஞர் ரோஜர் வாட்டர்ஸ். அதே படத்தில் அவரும் வருகிறார், ஆனால் வேறோர் இடத்தில், தனியாக. ஒரே அறையில் உட்கார முடியாதவர்கள் ஒரே பாட்டை ஒரே பாசத்தோடு விளக்குகிறார்கள்.

ரோலிங் ஸ்டோன்ஸ் பாட்டு ஒன்றில் மெரி கிளேட்டன் பாடிய பகுதியைத் தனியாகக் கேட்டவர்களுக்கு நான் சொல்ல வருவது புரியும். 2013இல் பின்னணிப் பாடகர்களைப் பற்றி வந்த ‘20 ஃபீட் ஃப்ரம் ஸ்டார்டம்’ படத்தில் அது வருகிறது. நள்ளிரவில் தொலைபேசியில் அழைத்தார்கள். கர்ப்பிணியான அவர் தலையில் சுருள் உருளைகளோடு ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போனார். உச்சக் குரலில் ஒரு சொல்லைப் பாடும்போது குரல் உடைகிறது. கருவிகளை எல்லாம் நீக்கிவிட்டு அந்த உடைவை மட்டும் கேட்கும்போது உடம்பு சிலிர்க்கிறது. வெறும் வம்புக்கு ஆசைப்பட்டுப் பார்ப்பவர்கள் இந்த இடத்துக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார மாட்டார்கள்.

1984இல் ராப் ரைனர் ‘திஸ் இஸ் ஸ்பைனல் டாப்’ என்று ஒரு போலி ஆவணப்படம் எடுத்தார். இல்லாத ஒரு குழுவைப் பற்றிய படம். அடிக்கணக்கில் உயரமாக வர வேண்டிய கல்தூண் அங்குலக் கணக்கில் குட்டியாக வந்து இறங்கும் காட்சியை எல்லோரும் சொல்லிச் சிரிப்பார்கள். 24 ஆண்டுகள் கழித்து ஆன்வில் என்ற கனடா நாட்டு மெட்டல் குழுவைப் பற்றிய படம் வந்தது. அதன் டிரம்ஸ் கலைஞர் பெயரும் ராப் ரைனர். இது தற்செயல்தான். ஆனால் போலிப் படத்தில் சிரிக்க வைத்த ஒவ்வொன்றும் இங்கே உண்மையாக நடக்கிறது. 1984இல் ஜப்பானில் பான் ஜோவி, ஸ்கார்பியன்ஸ் போன்ற குழுக்களோடு பெரிய மேடைகளில் ஏறியவர்கள்; மற்றவர்கள் கோடீஸ்வரர்கள் ஆனார்கள். ஆன்வில் பாடகர் லிப்ஸ் டொராண்டோவில் பள்ளிகளுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையில் இருக்கிறார். புதிய இசைத்தட்டுக்குப் பணம் திரட்டத் தொலைபேசியில் குளிர்கண்ணாடி விற்கப் போய், ஒன்றும் விற்க முடியாமல் திரும்புகிறார். கடைசியில் அவருடைய அக்காதான் கடன் கொடுக்கிறார். படத்தின் இறுதியில் மறுபடி ஜப்பான். காலை நேரத்தில், நிகழ்ச்சி வரிசையின் தொடக்கத்தில் இடம் கொடுத்திருக்கிறார்கள். யார் வருவார்கள் என்ற பயத்தோடு மேடையை நோக்கி நடக்கிறார்கள். அரங்கம் நிறைந்திருக்கிறது. இயக்குநர் சாஷா கெர்வாசி பதின்வயதில் இந்தக் குழுவின் சுற்றுப்பயணத்தில் எடுபிடி வேலை செய்தவர். அந்தப் பாசம் ஒவ்வொரு காட்சியிலும் தெரிகிறது.

காவலையும் அச்சு வார்ப்பையும் ஒரே அடியில் முறிப்பது நீளம்தான். இதற்குச் சான்று பீட்டில்ஸ். 1969 ஜனவரியில் மைக்கேல் லிண்ட்சே-ஹாக் அவர்களைப் படம் பிடித்தார். 1970இல் வந்த ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவான படம், குழுவின் சாவுச் சடங்கு போல நினைவில் நின்றுவிட்டது. சுமார் 60 மணி நேரப் படச்சுருளும் 150 மணி நேர ஒலிநாடாவும் அரை நூற்றாண்டு பெட்டியில் கிடந்தன. அவற்றிலிருந்து இயக்குநர் பீட்டர் ஜாக்சன் 2021இல் ஏறத்தாழ எட்டு மணி நேரத்துக்கு மூன்று பகுதிகளாக ‘கெட் பேக்’ செய்தார். அதே அறைகள், அதே மனிதர்கள். படம் வேறு.

அதிலும் குழுவின் நிறுவனத்துக்குக் கை உண்டு. அதை மறந்துவிடக் கூடாது. ஆனால் எட்டு மணி நேரம் யாராலும் வேடம் போட முடியாது. ஜார்ஜ் ஹாரிசன் ஜனவரி 10 அன்று, உரக்கக்கூடச் சொல்லாமல், குழுவை விட்டுப் போகிறேன் என்று எழுந்து போகிறார். அதன் பிறகு உணவு மேசையில் லெனனும் மெக்கார்ட்னியும் பேசுவதைப் பூந்தொட்டிக்குள் ஒளித்துவைத்த ஒலிவாங்கி பதிவு செய்கிறது. ஹாரிசனை நாம் எப்படி நடத்தினோம் என்று இருவரும் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்கிறார்கள். திரையில் அந்தப் பூந்தொட்டி மட்டும் தெரிகிறது. ஒட்டுக் கேட்பது தப்பு என்று மனம் சொல்கிறது; காது நகர மறுக்கிறது.

அதற்குச் சில நாள் முன்பு ஒரு காலை. ட்விக்கன்ஹாம் படப்பிடிப்புக் கூடம் குளிர்ந்து கிடக்கிறது. லெனன் இன்னும் வரவில்லை. மெக்கார்ட்னி பேஸ் கிதாரை மடியில் வைத்துக்கொண்டு, சாதாரணக் கிதாரைப் போல அதன் தந்திகளைத் தட்டித் தட்டி, சொல்லில்லாமல் ஏதோ முனகுகிறார். எதிரே ஹாரிசன் வாயைப் பிளந்து கொட்டாவி விடுகிறார். ரிங்கோ ஸ்டார் கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார். முனகல் மறுபடி மறுபடி அதே இடத்துக்கு வருகிறது. மெட்டு பிடிபடுகிறது, எங்கிருந்தோ ஒரு சொல் ஒட்டிக்கொள்கிறது. இரண்டு நிமிடத்துக்கு முன் இல்லாத ஒரு பாட்டு, உலகமே இன்று முணுமுணுக்கும் பாட்டு, அங்கே இருக்கிறது. ஹாரிசன் கிதாரை எடுக்கிறார். ரிங்கோ கை தட்டத் தொடங்குகிறார். கொஞ்ச நேரத்தில் கதவைத் திறந்துகொண்டு லெனன் வருகிறார். யாரும் எதையும் விளக்கவில்லை. உட்கார்ந்து, கிதாரை மாட்டி, அவரும் சேர்ந்துகொள்கிறார்.